கஞ்சமலைக் கல்லும் கருத்தரங்க மேடையும்: வேதியியல் வரலாற்றுக் கூட்டங்களுக்கு முதன்முறை போகிறவர்களுக்கு

சேலத்தில் ஒரு கல்லூரியில் வேதியியல் நடத்திய நாட்களில், பாடநூலின் ஓரத்தில் கட்டம் கட்டிப் போட்டிருக்கும், பிரெஞ்சு வேதியியலாளர் லவாசியேயின் படத்தைக் காட்டி, "இது தேர்வுக்கு வராது" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கம் புரட்டியவன் நான். அந்தக் கட்டத்துக்குள் இருப்பதைப் பற்றி மட்டுமே பேசுவதற்கென்று சங்கங்களும் ஆய்விதழ்களும் மாநாடுகளும் இருப்பது வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. தெரிந்த பிறகும் வழி சொல்ல ஆள் இல்லை. தட்டுத் தடுமாறிக் கற்றது, சேலம், ஓமலூர், மேட்டூர், ஏற்காடு பக்கத்து மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் பயன்படட்டும் என்று எழுதுகிறேன். முனைவர் பட்டம் எதுவும் வேண்டியதில்லை. வேதியியலும் வரலாறும் இரண்டுமே கொஞ்சம் பிடித்திருந்தால் போதும்.

எங்கே பார்ப்பது

இந்தத் துறையில் கூட்டம் நடத்துகிறவர்கள் அதிகம் இல்லை. ஐந்தாறு பெயர்களைக் குறித்துவைத்தால் ஆண்டு முழுவதும் நடப்பதில் பெரும்பகுதி கண்ணில் பட்டுவிடும்.

முதலாவது, பிரிட்டனில் 1935இல் தொடங்கிய 'சொசைட்டி ஃபார் தி ஹிஸ்டரி ஆஃப் ஆல்கெமி அண்ட் கெமிஸ்ட்ரி'. ரசவாதத்தை ஒதுக்கித் தள்ளாமல் வேதியியலோடு சேர்த்தே படிக்கிறவர்கள் இவர்கள். சித்தர் மரபில் ஆர்வம் உள்ளவர்கள் இங்கிருந்து தொடங்குவது நல்லது. 1937 முதல் வரும் இவர்களுடைய ஆய்விதழின் பெயர் 'ஆம்பிக்ஸ்'. கிரேக்கத்தில் அது வாலையின், அதாவது காய்ச்சி வடிக்கும் கலத்தின், தலைப்பாகத்துக்குப் பெயர். நம் வைத்தியர்கள் தீநீர் இறக்குகிற அதே வாலைதான். நேரடிக் கூட்டங்களோடு இணையவழி அமர்வுகளும் நடத்துகிறார்கள். இளம் ஆய்வாளர்களுக்கு மூன்றாண்டுக்கு ஒருமுறை பார்ட்டிங்டன் பெயரில் கட்டுரைப் பரிசும் உண்டு.

அடுத்தது ராயல் சொசைட்டி ஆஃப் கெமிஸ்ட்ரியின் வரலாற்றுக் குழு. இவர்களுடைய செய்திமடலில் வரப்போகும் கூட்டங்களின் பட்டியல் இருக்கும். அமெரிக்கன் கெமிக்கல் சொசைட்டிக்கும் வேதியியல் வரலாற்றுக்கென்று ஒரு பிரிவு இருக்கிறது. அந்தச் சங்கம் ஆண்டுக்கு இருமுறை, வசந்தத்திலும் ஆகஸ்ட் வாக்கிலும், நடத்தும் பெருங்கூட்டங்களில் இந்தப் பிரிவு தனி அமர்வுகள் வைக்கும். ஐரோப்பிய வேதியியல் சங்கங்களின் கூட்டமைப்பு நடத்தும் பன்னாட்டு வேதியியல் வரலாற்று மாநாடு ஒற்றைப்படை ஆண்டுகளில் வருவது வழக்கம்: 2019இல் மாஸ்ட்ரிக்ட், பெருந்தொற்றால் ஒரு முறை தவறி 2023இல் வில்னியஸ், 2025இல் வலென்சியா. அந்தக் கணக்குப்படி அடுத்தது 2027. அறிவியல், தொழில்நுட்ப வரலாற்றுக்கான உலகப் பேராயம் நான்காண்டுக்கு ஒருமுறை. 2025இல் நியூசிலாந்தின் டனீடின் நகரில் நடந்தது. தேடும்போது சுருக்கப் பெயரைத் தட்டாமல் ஆங்கில முழுப் பெயரையே தட்டுங்கள். சுருக்கத்தைத் தட்டினால் வீட்டுக்கடன் நிறுவனம் முதல் கால்பந்து அணி வரை எல்லாம் வந்து நிற்கும்.

இந்தியாவில் இதற்கென்று தனி மாநாட்டை மட்டும் தேடினால் ஏமாந்துபோவீர்கள். இந்தியத் தேசிய அறிவியல் கழகம் 1966 முதல் அறிவியல் வரலாற்று ஆய்விதழ் ஒன்றை நடத்துகிறது. அதில் கட்டுரை எழுதுகிறவர்கள் எந்தக் கருத்தரங்கில் பேசுகிறார்கள் என்று கவனிப்பது நல்ல குறுக்குவழி. இந்திய வரலாற்றுப் பேராயம், தென்னிந்திய வரலாற்றுப் பேராயம், தமிழ்நாட்டு வரலாற்றுப் பேரவை ஆகியவற்றின் ஆண்டுக் கூட்டங்களில் அறிவியல், தொழில் வரலாற்றுக் கட்டுரைகளுக்கும் இடம் கிடைக்கும். உறுப்பினராகச் சேர்ந்து கட்டுரையை அனுப்ப வேண்டும். முதல் மேடைக்கு இவைதான் ஏற்றவை. ரயிலில் போய்வரலாம், கட்டணமும் கையைக் கடிக்காது.

உள்ளூரில் இரண்டு நாட்களைக் குறித்துவையுங்கள். பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாள். ஆகஸ்ட் 2, பிரபுல்ல சந்திர ராய் பிறந்த நாள். இந்திய வேதியியலின் வரலாற்றை 1902லும் 1909லும் இரண்டு தொகுதிகளாக எழுதியவர், 1924இல் தொடங்கிய இந்திய வேதியியல் சங்கத்தின் முதல் தலைவர். இந்த இரண்டு நாட்களையும் ஒட்டி நம் கல்லூரிகளில் ஏதாவது ஒரு பேச்சுக்கு இடம் இருக்கும். கருப்பூரில் உள்ள பெரியார் பல்கலைக்கழகமானாலும் நகரத்துக் கல்லூரிகளானாலும் வேதியியல் துறையின் அறிவிப்புப் பலகையோடு நின்றுவிடாமல் வரலாற்றுத் துறை, தமிழ்த் துறைப் பலகைகளையும் ஒரு பார்வை பாருங்கள்.

முதல் ஆறு மாதம் கேளுங்கள்

எடுத்த எடுப்பிலேயே கட்டுரை அனுப்ப வேண்டாம். மூன்று நான்கு இணையவழி அமர்வுகளைக் கேளுங்கள். பேச்சாளர் என்ன சொல்கிறார் என்பதைவிடக் கேள்வி கேட்கிறவர்கள் எதைத் துருவுகிறார்கள் என்று கவனியுங்கள். "இது யாருடைய கையெழுத்துப் பிரதி, எந்த ஆண்டுப் படி, அந்தச் சொல்லுக்கு அப்போது என்ன பொருள்" என்று துருவுவார்கள். 'உப்பு' என்று 1700இல் எழுதியவர் மனத்தில் வைத்திருந்தது நம் சோடியம் குளோரைடு இல்லை. வேதியியல் படித்தவர்கள் முதலில் வழுக்கி விழும் இடம் இதுதான், நானும் விழுந்தேன்.

நேரக் கணக்கில் பலர் கோட்டை விடுகிறார்கள், ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். லண்டனில் மாலை 5 மணி என்றால் குளிர்காலத்தில் நமக்கு இரவு 10.30, கோடையில் 9.30. நியூயார்க்கில் நண்பகல் 12 என்றாலும் அதே கணக்குதான். அவர்கள் ஆண்டுக்கு இருமுறை கடிகாரத்தை மாற்றுகிறார்கள், நாம் மாற்றுவதில்லை. அதிலும் அமெரிக்கா மார்ச் இரண்டாம் ஞாயிறு மாற்றுகிறது, ஐரோப்பா மார்ச் கடைசி ஞாயிறு. இடையில் வரும் இரண்டு மூன்று வாரங்களில் பழைய மனக்கணக்கை நம்பினால் கெட்டோம். அப்படி ஒரு மார்ச்சில், ஏற்காட்டில் உறவினர் வீட்டு மாடியில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, தேநீரோடு சரியான நேரத்தில் உட்கார்ந்துவிட்டதாக நினைத்து இணைப்பைத் திறந்தேன். தலைவர் நன்றியுரை சொல்லிக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு அழைப்பிதழில் உள்ள நேரத்தையும் நகரத்தையும் அப்படியே இணையத்தில் தட்டி, அந்தத் தேதிக்கு நம் நேரம் என்ன என்று பார்த்துத்தான் நாட்காட்டியில் எழுதுகிறேன். மலையில் மழை நாளென்றால் இன்னொரு ஏற்பாடும் வேண்டும்: பேச்சின் ஒளிப்பதிவு பிறகு கிடைக்குமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வது.

கட்டுரைக்குக் கடைசி நாள் குறிப்பிடும்போது சிலர் "உலகில் எங்காயினும் நள்ளிரவு" என்று போடுவார்கள். உலகிலேயே கடைசியாக நாள் முடியும் இடத்துக் கணக்கு அது. நமக்கு மறுநாள் மாலை ஐந்தரை வரை நேரம் இருக்கிறது என்று பொருள். இதைச் சொல்லிக்கொடுத்ததற்காகவே ஒரு மாணவி எனக்கு வருடம் தவறாமல் மாம்பழம் அனுப்புகிறார்.

தலைப்பு: காலடியில் பாருங்கள்

கருத்தரங்குக்கு நான் அனுப்பிய முதல் கட்டுரைச் சுருக்கத்தின் தலைப்பு 'தமிழர் வேதியியல்: சித்தர் முதல் இன்றுவரை'. நிராகரித்துவிட்டார்கள். இன்று அதைப் படித்தால் நானே நிராகரிப்பேன். இருபது நிமிடத்தில் இரண்டாயிரம் ஆண்டு! அதற்கடுத்து லவாசியே பற்றி எழுதினேன், அதுவும் போகவில்லை. பாரிஸிலேயே உட்கார்ந்து அவருடைய ஆய்வகக் குறிப்பேடுகளைப் புரட்டுகிறவர்கள் இருக்க, சேலத்திலிருந்து நான் புதிதாக என்ன சொல்லிவிட முடியும்? ஆனால் கஞ்சமலையை ஏறி இறங்கிப் பார்க்கவும், செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறையில் உட்கார்ந்து பேசவும் அவர்களால் ஆகாது. அது நமக்குத்தான் எளிது. சேலத்துக்காரருக்குத் தலைப்புப் பஞ்சமே கிடையாது.

கஞ்சமலையை எடுத்துக்கொள்ளுங்கள். அடிவாரத்தில் சித்தர் கோயில். மலை முழுவதும் காந்த இரும்புத் தாது. கையில் ஒரு காந்தத்தோடு போனால் கல் வந்து ஒட்டும். ஐரோப்பியர் 'ஊட்ஸ்' என்று அழைத்த எஃகு இந்த வட்டாரத்திலும் காய்ச்சப்பட்டது. நாம் உருக்கு என்கிறோம், கன்னடத்தில் உக்கு என்கிறார்கள். அந்தச் சொல்தான் கப்பலேறி ஊட்ஸ் ஆனது என்பார்கள். 1795இல் ஜார்ஜ் பியர்சன் லண்டன் ராயல் சொசைட்டியில் இந்த எஃகைப் பற்றிக் கட்டுரை படித்தார். 1819இல் மைக்கேல் ஃபாரடே அதைப் பகுப்பாய்வு செய்து, அதன் சிறப்புக்கு அதில் கலந்திருக்கும் சிறிதளவு அலுமினாவும் சிலிக்காவும் காரணம் என்று நினைத்தார். அது பிழை, கரிமமும் அது இரும்புக்குள் அமையும் விதமும்தான் காரணம். ஆனால் அந்தப் பிழையைத் தொடர்ந்துபோய்த்தான் அவரும் கத்தி செய்யும் தொழிலாளரான ஸ்டோடார்ட்டும் எஃகுக் கலவைகளை வரிசையாகச் செய்து பார்த்தார்கள். ஒரு பிழை எப்படி ஒரு ஆராய்ச்சித் திட்டமாகிறது என்பது இந்தத் துறையினர் மிகவும் விரும்பும் வகைக் கேள்வி.

அதே இரும்பின் இன்னொரு கிளை ஜோசையா மார்ஷல் ஹீத். சென்னை மாகாணத்தில் கம்பெனி உத்தியோகத்தை விட்டுவிட்டு, 1830 வாக்கில் பரங்கிப்பேட்டையில் இரும்பு ஆலை தொடங்கியவர்; தாது போனது சேலம் பகுதியிலிருந்து. பிறகு இங்கிலாந்து திரும்பி, எஃகில் மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு 1839இல் காப்புரிமை பெற்றார். ஷெஃபீல்டு உற்பத்தியாளர்களுக்கு அதனால் நல்ல லாபம். ஹீத்துக்குக் கிடைத்தது நீண்ட வழக்கு. நம் ஊரில் மூசையில், அதாவது உலோகம் உருக்கும் மண்கலத்தில், எஃகு காய்ச்சும் முறையையும் அவர் எழுதிவைத்தார்: களிமண் மூசைக்குள் இரும்புத் துண்டு, நறுக்கிய ஆவாரங்குச்சி, மேலே ஓரிரண்டு எருக்கிலை, பிறகு வாயைக் களிமண்ணால் அடைப்பது.

இரும்பு வேண்டாம் என்றால் வெள்ளைக்கல். ஜாகீர் அம்மாபாளையம், கருப்பூர் பக்கம் வெளுத்துக் கிடக்கும் குன்றுகள் மேக்னசைட். சூளையில் சுட்டால் கரியமில வாயு வெளியேறி மக்னீசியா மிஞ்சும். எஃகு உலைகளுக்கு உள்பூச்சுச் செங்கல் அதிலிருந்துதான். ஜோசப் பிளாக் 1754இல் எடின்பரோவில் மருத்துவப் பட்டத்துக்குத் தந்த ஆய்வேடு இதன் உறவுக்கார வெள்ளைப் பொடியான மக்னீசியா ஆல்பாவைப் பற்றியது. அதைச் சுட்டபோது எடை குறைந்தது. போன எடை எங்கே என்று தராசோடு துரத்தியவர் 'கட்டுண்ட காற்று' என்ற ஒன்றைப் பிடித்தார். காற்று என்பது ஒரே பொருள் என்ற எண்ணம் ஆட்டம்காணத் தொடங்கியது அங்கேதான். வயிற்றுக்கு மருந்து தேடிய ஒருவரின் தராசுக்கும் நம் சூளைக்கும் உள்ள இந்த உறவை வைத்தே ஒரு முழு அமர்வு நடத்தலாம்.

சேர்வராயன் மலை உச்சியில் அலுமினியத் தாதுவான பாக்சைட். 1886இல் ஹாலும் எரூவும் தனித்தனியே கண்ட, அலுமினியம் பிரிக்கும் மின்பகுப்பு முறைதான், 1960களில் மேட்டூரில் அலுமினிய ஆலை வந்தபோது இந்த மலையை வெட்ட வைத்தது. ஜவ்வரிசியும் அப்படித்தான், இரண்டாம் உலகப்போரில் மலேயா இறக்குமதி நின்றதால் இங்கே வேரூன்றிய தொழில். இவை இரண்டிலும் வேலை பார்த்த பெரியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். வாய்மொழி வரலாறு எடுக்க இதுதான் நேரம், தள்ளிப்போடாதீர்கள்.

பட்டறைகளுக்குப் போகும்போது ஒரு எச்சரிக்கை. கொலுசுப் பட்டறைப் பெரியவர் ஒருவரிடம், வெடியுப்புத் திராவகத்தில் கரைந்த வெள்ளியை எப்படி மீட்கிறீர்கள் என்று கேட்டு, கூடவே நானே சமன்பாட்டையும் சொல்லத் தொடங்கினேன். "செம்புத் தகட்டைப் போட்டால் வெள்ளி தானாக இறங்கும் வாத்தியாரே. உங்களுக்குத்தான் தெரிகிறதே, பிறகு என்னை எதற்குக் கேட்கிறீர்கள்?" என்று சொல்லி வேலைக்குத் திரும்பிவிட்டார். இப்போதெல்லாம் கேள்வியைக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்கிறேன். அவர்கள் பேச்சை ஒலிப்பதிவு செய்ய அனுமதி கேளுங்கள். உரைகல், மாற்று, மூசை, துருத்தி என்று அவர்கள் சொல்லும் சொற்களை மாற்றாமல் எழுதிக்கொள்ளுங்கள்.

ஆவணம்

ஊர் மக்கள் சொன்னதாகவே கட்டுரை முழுவதையும் எழுதினால் எடுபடாது, தாளும் வேண்டும். லெ ஃபானு தொகுத்த 1883ஆம் ஆண்டின் சேலம் மாவட்டக் கையேடு, ரிச்சர்ட்ஸ் எழுதிய 1918ஆம் ஆண்டு மாவட்ட விவரச்சுவடி, புவியியல் ஆய்வுத் துறைக்காக கிங், ஃபூட் இருவரும் 1864இல் எழுதிய அறிக்கை ஆகிய மூன்றையும் முதலில் படியுங்கள். இவை பழைய நூல்களாதலால் இணையத்தில் மின்வடிவில் தேடிப் பாருங்கள். பிறகு சென்னை எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம். சேலத்திலிருந்து இரவு ரயிலில் ஏறினால் காலையில் எழும்பூரில் இறங்கலாம். காப்பகம் நிலையத்துக்கு எதிரிலேயே இருக்கிறது. கல்லூரியின் அறிமுகக் கடிதமும் அடையாள அட்டையும் கொண்டுபோங்கள். ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று திரும்புகிற டிக்கெட்டை அன்றிரவுக்கே எடுக்காதீர்கள். முதல் நாள் எந்தக் கட்டு எந்த எண்ணில் இருக்கிறது என்று கண்டுபிடிக்கவே சரியாகிவிடும்.

சுருக்கம் எழுதுவது

பெரும்பாலும் 200 முதல் 300 சொற்கள் கேட்பார்கள். நான் பின்பற்றும் முறை இது: முதல் வாக்கியத்தில் இடமும் காலமும் பொருளும் வந்துவிட வேண்டும். இரண்டாவதில் இதுவரை பிறர் என்ன சொல்லியிருக்கிறார்கள். மூன்றாவதில் அதில் எது விடுபட்டிருக்கிறது. பிறகு, நான் எந்த ஆவணத்தை அல்லது எந்தப் பட்டறையைப் பார்த்தேன், என்ன கண்டேன். 'உலகிலேயே முதன்முதலில் தமிழன்தான்' என்று தொடங்கினால் படிக்கிறவர் அங்கேயே பேனாவைக் கீழே வைத்துவிடுவார். பெருமை பேச வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஹீத்தின் குறிப்பிலிருந்து இரண்டு வரி எடுத்துப் போட்டால் பெருமை தானாக வரும்.

எழுதிய பிறகு வேதியியல் தெரியாத ஒருவரிடமும் வரலாறு தெரியாத ஒருவரிடமும் கொடுங்கள். இருவருக்கும் புரிந்தால் அனுப்பலாம். தயக்கமாக இருந்தால், ஆய்வைப் பெரிய தாளில் அச்சிட்டு மாட்டிவைத்துப் பக்கத்தில் நிற்கும் போஸ்டர் பிரிவில் விண்ணப்பியுங்கள். மேடை நடுக்கம் இருக்காது. ஒவ்வொருவராக வந்து நின்று பேசுவார்கள். எனக்குக் கிடைத்த நல்ல அறிமுகங்கள் எல்லாம் போஸ்டர் பக்கத்தில் நின்றபோது கிடைத்தவை.

பணம் பிடுங்கும் மாநாடுகள்

ஒரு முறை மின்னஞ்சலில் வந்த அழைப்பை நம்பிப் பணம் கட்டினேன். "மதிப்பிற்குரிய விஞ்ஞானியே" என்று தொடங்கியது. யாரும் என்னை அப்படி அழைத்ததில்லை, மயங்கிவிட்டேன். சுருக்கம் அனுப்பிய மறுநாளே ஏற்பு. போய்ப் பார்த்தால் ஒரு விடுதிக் கூடத்தில் ஒன்பது பேர். எனக்கு முன்னால் பேசியவர் பல் சீரமைப்பு, பின்னால் பேசியவர் மண்புழு உரம். சான்றிதழ் மட்டும் பளபளவென்று இருந்தது.

அன்றிலிருந்து பணம் கட்டுமுன் இவற்றைப் பார்க்கிறேன். போன முறை நடந்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரல் கிடைக்கிறதா? அமைப்புக் குழுவில் இருக்கும் பெயர்கள் அவரவர் பல்கலைக்கழகப் பக்கத்திலும் இருக்கின்றனவா? ஒரே மாநாட்டில் இருபது துறைகளைச் சேர்த்திருக்கிறார்களா? பணம் கட்டினால் ஆய்விதழில் நிச்சயம் வெளியாகும் என்று உறுதி தருகிறார்களா? கடைசி இரண்டுக்கும் 'ஆம்' என்று பதில் வந்தால் அந்த மின்னஞ்சலை அழித்துவிடலாம். உண்மையான கருத்தரங்குக்காரர்கள் பதில் சொல்ல வாரக்கணக்கில் எடுத்துக்கொள்வார்கள்.

செலவு, விசா

மாணவர் கட்டணம், கட்டணச் சலுகை, பயண உதவி இருக்கிறதா என்று கூச்சப்படாமல் எழுதிக் கேளுங்கள். சங்கங்கள் பலவற்றில் மாணவர்களுக்கென்று சிறு தொகை ஒதுக்கியிருப்பார்கள். அரசு நிதிக்குப் போனால், அறிவியல் நிதி தருகிறவர்கள் "இது வரலாறாயிற்றே" என்பார்கள். வரலாற்று நிதி தருகிறவர்கள் "இது வேதியியலாயிற்றே" என்பார்கள். இரண்டு இடத்திலும் விண்ணப்பியுங்கள், தலைப்பை மட்டும் இடத்துக்குத் தக்கபடி திருப்பிப் போடுங்கள். இந்திய வரலாற்று ஆராய்ச்சிக் குழுவின் அறிவிப்புகளைப் பார்த்துக்கொண்டிருங்கள். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். ஏற்புக் கடிதம் வந்த அன்றே அழைப்புக் கடிதத்தையும் கேட்டு வாங்கிவிடுங்கள்.

மேடையில்

இருபது நிமிடம் என்றால் பேச்சு பதினைந்து, கேள்விக்கு ஐந்து. ஆங்கிலத்தில் நிதானமாக வாசித்தால் நிமிடத்துக்கு நூறு முதல் நூற்றிருபது சொற்கள் போகும். ஆக 1,800 சொல்லைத் தாண்டாமல் எழுதிக்கொள்ளுங்கள். சேலம் எங்கே இருக்கிறது என்று முதல் படத்திலேயே வரைபடம் போட்டுவிடுங்கள். அமெரிக்காவிலும் ஒரு சேலம் இருக்கிறது. அங்கிருந்து வந்திருக்கிறேன் என்று நினைத்த ஒருவர் சூனியக்காரிகளைப் பற்றிக் கேட்டுவிட்டார்.

பதில் தெரியாத கேள்வி வந்தால் கேட்டவரின் மின்னஞ்சலை வாங்கிக்கொண்டு, ஒரு வாரத்துக்குள் எழுதுங்கள். மூசையைப் பற்றிப் பேசிய கூட்டத்தில் ஒரு அம்மையார் கேட்டார்: "கரிமம்தான் வேண்டும் என்றால் எந்தக் குச்சியும் போதுமே, ஏன் ஆவாரை?" திகைத்துவிட்டேன். ஊருக்கு வந்து யோசித்தபோது, ஆவாரம்பட்டை தோல் பதனிடப் பயன்படுவது நினைவுக்கு வந்தது. பட்டையை உரித்தபின் மிஞ்சிய குச்சி மலிவாகக் கிடைத்திருக்குமோ என்ற ஊகத்தை அவருக்கு எழுதினேன். "ஊகம் சரி, ஆவணம் எங்கே?" என்று ஒரு வரியில் பதில் வந்தது. அடுத்த வாரம் எழும்பூர் ரயிலுக்கு டிக்கெட் எடுத்திருக்கிறேன்.